கொசுறாகப் போன காந்தல்

ஒரு ஊரில் என்று ஆரம்பித்தால் மிச்சம் பதினேழு ஊர்க்காரர்களும் சண்டைக்கு வருவார்கள் என்பதால், பதினெட்டு ஊரில் என்றே ஆரம்பித்துவிடலாம். அந்தப் பதினெட்டு ஊருக்கும் மொபெட்டில் எவர்சில்வர் பாத்திரமும் பிளாஸ்டிக் குடமும் கட்டிக்கொண்டு போய் விற்ற பெத்துராசு என்கிற ஏவாரிக்கு, நாற்பத்தோரு வயதில், இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: உட்கார வேண்டும். மெத்தையில் அல்ல, பதவியில் அல்ல. குலதெய்வக் கோயில் வாசலில் விரித்த சமுக்காளத்தில் சம்மணம் போட்டு, தங்கச்சி மகளை மடியில் வைத்துக்கொண்டு, முடியிறக்கிக் காது குத்தி முடிகிற வரைக்கும் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். எட்டு மாதக் குழந்தைக்குத் தானாக வந்துவிடுகிற வித்தை அது. பெத்துராசுக்கு வரவில்லை.

பதினாறு வருசமாக ஒரு நாளைக்கு நூற்றிருபது கிலோமீட்டர், கரிசல் காட்டு வெயிலில், முன்னால் எட்டுக் குடம் பின்னால் பதினாறு குடம் கட்டி, நடுவில் ஒரு சாண் இடத்தில் தன்னைச் செருகிக்கொண்டு போய் வந்தவனுடைய உட்காருமிடம், மரியாதையாகச் சொன்னால், அந்தப் பக்கத்து ரோட்டை எடுத்துப் போட்ட ஒப்பந்தக்காரர்களின் யோக்கியதைக்குச் சாட்சிப் பத்திரமாக இருந்தது. எந்த ஊருக்குப் பக்கத்தில் எத்தனை பள்ளம், எந்தப் பாலத்தில் ஜல்லி பெயர்ந்திருக்கிறது என்பதையெல்லாம் அவன் தோலைப் பார்த்தே ஒரு இன்ஜினீயர் படம் வரைந்துவிடலாம். தொடை இடுக்கு உரசி, வேர்வை உப்பு அதில் இறங்கி, நெருப்பாகக் காந்தி, சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கும்போது அவன் நடக்கிற நடையைப் பார்த்து, யாரோ வாத்தை வேட்டி கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று தெருவில் சிரிப்பார்கள்.

காந்தல் எடுத்தவனுக்கு வைத்தியம் சொல்லாத வாய் இந்த நாட்டில் கிடையாது. மருந்துக் கடைக்காரர் பவுடர் கொடுத்தார். அது வேர்வையோடு சேர்ந்து மத்தியானத்துக்குள் சிமெண்டாக இறுகிவிட்டது. ஒர்க்‌ஷாப்காரன் மெத்துமெத்தென்று பஞ்சுசீட்டு வைத்துக் கொடுத்தான். அதில் எருமை சகதியில் அமுங்குவது மாதிரி அமுங்கிப்போனதில், அதுவரை உரசாத இடமும் உரச ஆரம்பித்தது. கடைசியில் பெத்துராசு யாரிடமும் கேட்காமல், தோலை விலையாகக் கொடுத்துத் தானே படித்தான். சீட்டு கெட்டியாக இருக்க வேண்டும், மெத்தை எதிரி. கால்சட்டைக்கு நடுவில் தையல் வரவே கூடாது. எண்ணெயைப் புண் வந்தபிறகு தடவுகிறவன் முட்டாள், கிளம்பும்போதே தடவ வேண்டும். வேகத்தடை வந்தால் இரண்டு காலையும் ஊன்றி எழுந்துகொள்ள வேண்டும், ஊரே தன்னைப் பார்த்து மரியாதைக்கு எழுகிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை. மத்தியானம் ஈரத்துணியை மாற்றிக் காய்ந்ததைக் கட்ட வேண்டும். இத்தனையும் செய்து முக்கால்வாசிக் காந்தலைக் குறைத்துவிட்டான். மிச்சக் கால்வாசி போதுமே, ஒரு மனுசனை வாழ்நாள் பூராவும் நிற்க வைக்க.

தங்கச்சி மாரீஸ்வரி மகள் கனிஷ்காவுக்கு ஒரு வயதில் குத்த வேண்டிய காது. அந்த வருசம் தாய்மாமனுக்குப் புண் உடைந்துவிட்டது. "சீசன் நேரம், லைனை விட முடியாது" என்று ஏவாரச் சுற்றைச் சாக்காக்கித் தள்ளிப்போட்டான். மூன்று வயதில் தேதி குறித்தபோது கட்டி வந்தது. அப்போதும் லைனைத்தான் காரணம் சொன்னான். காந்தல் என்று சபையில் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை, கிடைத்த வார்த்தைகள் சபைக்கு ஆகவில்லை. இப்போது பிள்ளைக்கு ஐந்து வயது. ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போனான்.

"உட்காருண்ணே."

"இருக்கட்டும். நின்னாத்தான் காத்து வருது."

தங்கச்சி புருசன் பொன்ராஜ் காப்பியை உறிஞ்சியபடி சொன்னான்: "மச்சான், ஆவணி பதினாலு. கோயில்ல சொல்லியாச்சு, ஆசாரிக்கும் சொல்லியாச்சு. இனிமே தேதி மாத்துற பேச்சே இல்ல. மடி நீங்க குடுத்தாலும் சரி, தங்கப்பாண்டி குடுத்தாலும் சரி, பிள்ளைக்குக் காதுல தோடு ஏறணும்."

தங்கப்பாண்டி, பெத்துராசுக்குச் சித்தப்பா மகன், பிளாட் விற்கிறவன், அங்கேதான் நாற்காலியில் ஒரு காலைத் தூக்கி மறு கால்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நீங்க சிரமப்படாதீங்கண்ணே" என்றான். "எனக்கென்ன, கார்ல உட்காருறேன், ஆபீஸ்ல உட்காருறேன். தொழிலே உட்காருறதுதான். அன்னைக்கு ஒரு மணி நேரம் சேர்த்து உட்கார்ந்தாப் போகுது."

"நீ உட்கார்ந்து உட்கார்ந்துதான் எங்க சித்தப்பா நிலம் பூரா எந்திரிச்சுப் போச்சு" என்றான் பெத்துராசு.

கனிஷ்கா அவன் காலைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "மாமா, நீ குதிரையா? குதிரைதான் உட்காரவே உட்காராதாம். எங்க மிஸ் சொன்னாங்க."

"ஆமா தாயி. சாமான் கட்டுற குதிரை."

தாய்மாமன் இருக்கும்போது பங்காளி மடியில் பிள்ளையை வைத்துக் காது குத்துவது என்றால், அந்த வட்டாரத்தில் அதற்கு அர்த்தம், மாமன் செத்துவிட்டான் அல்லது செத்ததற்குச் சமம் என்பதுதான். பெத்துராசு அன்றைக்கு வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டு, நடுத்தையல் இல்லாத கால்சட்டைகள் மூன்று புதிதாகத் தைக்கக் கொடுத்தான்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் அது நடந்தது. ஊசிமேட்டுப்பட்டியில், உச்சி வெயிலில், சோலையம்மா என்கிறவள் ஒரு ஏழு லிட்டர் எவர்சில்வர் குடத்துக்கு ஒன்றரை மணி நேரமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். விலை படிந்துவிட்டது. கொசுறுதான் படியவில்லை. வாங்கின சாமானுக்கு மேல் ஏதாவது ஒன்றைக் கையில் வைக்காமல் ஏவாரி தெருவைத் தாண்ட முடியாது; அது சட்டத்தில் இல்லாததால் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற வழக்கம். சோலையம்மா ஒரு சோப்பு டப்பாவைக் கொசுறாக வாங்கினாள். டீ வடிகட்டி வாங்கினாள். ஒரு கரண்டி வாங்கினாள். கரண்டிக்குக் காம்பு சின்னதாக இருக்கிறது என்று அதற்கு ஈடாக ஒரு ஸ்பூன் வாங்கினாள். அப்புறமும் முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னும் என்னம்மா வேணும்?" பெத்துராசுக்கு மண்டைக்கு மேலே வெயில், கீழே காந்தல். "எங்கிட்ட மிச்சம் இருக்கிறது குண்டிக் காந்தல் ஒண்ணுதான். அதையும் வாங்கிக்கிறியா?"

"குடு" என்றாள் சோலையம்மா. கொடுக்கிறேன் என்று சொன்னதை வேண்டாம் என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

போய்விட்டது. அவிழ்த்த வேட்டி மாதிரிக் காந்தல் அவனைவிட்டுக் கழன்று, இரண்டு படி அவித்த கடலை அளவுக்குக் கனமும் சூடுமாக அவள் முந்தானையில் விழுந்தது. அவள் அதைக் கையால் தூக்கிப் பார்த்து எடை போட்டாள். "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் ஏற்றுக்கொள்கிறவள் மாதிரி முடிந்துகொண்டு உள்ளே போனாள். பெத்துராசு அவள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தான். சம்மணம் போட்டுப் பார்த்தான். காலைப் பிரித்து மறுபடியும் போட்டுப் பார்த்தான். யாரோ தன்னிடம் ஒரு சாமானைச் சும்மா வாங்கிக்கொண்டு போய்விட்டார்களே என்கிற வயிற்றெரிச்சல் மட்டும் லேசாக இருந்தது.

உள்ளே சோலையம்மாவின் புருசன் காசிலிங்கம் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். ஒன்பது வருசத்துக்கு முன்னால் மழை பொய்த்தபோது, மழை வரட்டும் என்று படுத்தவர். அதற்கப்புறம் ஐந்து மழை வந்துபோனது அவருக்குத் தெரியாது. சோலையம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கட்டிலில் கொட்டினாள். காசிலிங்கம் எழுந்தார். நின்றார். உட்காரப் பார்த்தார், எழுந்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போனவர், சாயங்காலத்துக்குள் நாலு குழி நிலத்து வேலிமுள்ளை வெட்டித் தள்ளிவிட்டார், திரும்பி வந்தால் உட்கார வேண்டியிருக்குமே என்று. அந்த வாரக் கடைசியில் ஊசிமேட்டுப்பட்டி ஆண்கள் அவரை ஒரு துரோகியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். பெண்கள் சோலையம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்: "ஏவாரி மறுபடி என்னைக்கு வாறான்?"

ஒரு மனுசனுடைய வலி எப்படி இன்னொருத்தி முந்தானையில் விழும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை. சாமான் நல்ல சாமானா, எத்தனை நாள் உழைக்கும், கழுவலாமா, வெயிலில் வைத்தால் வீணாகுமா என்பதுதான் கேள்வி. சோலையம்மா சொன்னாள்: தேயாது, நீர்க்காது, வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும், உப்புத் தண்ணீர் தெளித்தால் புதுசு மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் வந்த நாட்களில் பெத்துராசுக்குக் குடம் விற்ற மாதிரி அந்தக் கரிசல் காட்டில் தண்ணீர்கூட விற்றதில்லை. கோடாங்கிக்குளத்துப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு காந்தலை வாங்கி, பதினாலு மாதமாக ஒரு கையெழுத்துக்கு இழுத்தடித்த அதிகாரியின் குஷன் நாற்காலியில், மனு கொடுக்கிற சாக்கில் வைத்துவிட்டு வந்தார்கள். அந்த அதிகாரி பதினோரு மணிக்கு உட்கார்ந்தார், பதினொன்று ஐந்துக்கு எழுந்தார், நின்றபடியே சாயங்காலத்துக்குள் நூற்றுப் பத்து மனுவில் கையெழுத்துப் போட்டார், தெரியாமல் தன்னுடைய மாறுதல் உத்தரவிலும் போட்டுவிட்டார். மேலிடத்திலிருந்து விசாரிக்க வந்த பெரிய அதிகாரி அதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இந்த வட்டாரத்து ஊழியர்கள் மக்களுக்கு எழுந்து நின்று பணி செய்கிற உயர்ந்த பண்பாடு உடையவர்கள் என்று அறிக்கை எழுதினார், நின்றுகொண்டு.

மினிபஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வழக்கம் ஒரே மாதத்தில் ஒழிந்தது. துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்காருகிற அயோக்கியர்கள் உண்டு. சீட்டில் ஒரு சிட்டிகை காந்தலைக் கிள்ளி வைத்துவிட்டால் உட்காருகிற அயோக்கியன் எவனும் கிடையாது. ஒரே கஷ்டம், வைத்தவனாலும் உட்கார முடியவில்லை. ஆனாலும் இடம் தன்னுடையது என்கிற திருப்தியோடு எல்லோரும் தங்கள் தங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு போனார்கள். டிரைவர் மட்டும் பாவம், உட்கார்ந்தே ஓட்டினார். அவருக்கு யாரும் போட்டியில்லை.

மூன்று நாள் நடக்கிற ஊர்க்கூட்டங்கள் பத்து நிமிசத்தில் முடிந்தன. ஆலமரத்தடிச் சீட்டாட்டம் கலைந்தது. மகள் வீட்டுக்கு வந்து ஆடிக்குத் தங்கி ஆவணிக்கும் கிளம்பாத சம்பந்திகள், பாயை விரித்து உட்காரச் சொன்ன அன்றைக்கே பஸ்ஸைப் பிடித்தார்கள். வாத்தியார் நடந்துகொண்டே பாடம் நடத்தியதில், அவர் பாடம் நடத்துவார் என்கிற விசயமே பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு ஊரில் சின்னதாக ஒரு பீடம்கூடக் கட்டினார்கள், அதன்மேல் ஒரு கைப்பிடி காந்தலை வைத்து எண்ணெய் ஊற்றிக் கும்பிட்டார்கள். யார் முதல் மரியாதைக்கு முன்வரிசையில் உட்காருவது என்று வருசா வருசம் மண்டை உடைகிற ஊர் அது. அந்த வருசம் மண்டை உடையவில்லை. உட்காருகிற ஆள் இல்லை.

கேட்கிறவர்களுக்கு எல்லாம் கொடுக்கப் பெத்துராசிடம் அவ்வளவு காந்தல் இல்லை. எண்ணெயும் தையலில்லாக் கால்சட்டையுமாக அவன் ஓட்டிய ஓட்டத்துக்கு ஒரு நாளில் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை. "என்ன ஏவாரி, போன தடவை சோலையம்மாவுக்கு இரண்டு படி குடுத்தியாம், எனக்குத் தலைவலி மாதிரி ஒண்ணைக் குடுக்கிற" என்று சண்டைக்கு வந்தார்கள். காந்தல் இல்லை என்றால் குடம் வேண்டாம் என்றார்கள். அவனுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் மற்றவன் நஷ்டப்படுவான். பெத்துராசு கோபம் வந்தால் சரக்கைக் கூட்டுவான்.

எண்ணெய்ப் புட்டியைத் தூக்கி எறிந்தான். கெட்டி சீட்டைக் கழற்றிவிட்டுப் பழைய பஞ்சுசீட்டை மாட்டினான். நடுவில் கயிறு மாதிரித் தையல் ஓடுகிற ஜீன்ஸ் ஒன்றை வாங்கி, காலையில் உப்புத் தண்ணீரில் நனைத்து, பிழியாமல் மாட்டிக்கொண்டு கிளம்பினான். வேகத்தடையில் எழுந்துகொள்ளவில்லை. பள்ளம் இல்லாத ரோட்டை விட்டுவிட்டுப் பள்ளம் இருக்கிற ரோட்டில் போனான். இதற்காக அவன் ஒன்றும் ரொம்பச் சுற்ற வேண்டியிருக்கவில்லை. பதினாறு வருசமாகத் தோலைக் கொடுத்துப் படித்த படிப்பை வரிக்கு வரி தலைகீழாக எழுதினான். பத்தே நாளில் அவன் உடம்பில் விளைந்த காந்தலுக்கு இணையாக அந்தக் காட்டில் மிளகாய்கூட விளைந்ததில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் மொத்தத்தையும் கொசுறாக அள்ளி வைத்துவிட்டு, பிறந்த பிள்ளை மாதிரிச் சுத்தமாக வீட்டுக்கு வந்து, திண்டில் சாய்ந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து பழகினான்.

மாரீஸ்வரி போனில் கேட்டாள்: "அண்ணே, உட்காருவியா? தங்கப்பாண்டி பட்டுக்கரை வேட்டி எடுத்துட்டானாம்."

"எடுக்கட்டும். நின்னுக்கிட்டுப் பார்க்கிறவனுக்கும் வேட்டி வேணும்ல. பதிமூணாம் தேதி சாயங்காலம் கடைசி லைன். மிச்சமிருக்கிறதை எல்லாம் தள்ளிவிட்டுட்டு, மறுநாள் சும்மா பூ மாதிரி வந்து உட்காருறேன் பாரு."

கணக்கு சரிதான். ஊர்களைத்தான் அவன் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆவணி பதினொன்றும் பன்னிரண்டும் நல்ல மழை, வாங்க ஒருத்தரும் வெளியே வரவில்லை, நனைந்த ஜீன்ஸ், குண்டும் குழியுமாகச் சகதி. பதிமூன்றாம் தேதி காலையில் அவன் மேல் இருந்த காந்தல், அதுவரை விளைந்ததிலேயே பெரியது. தனியாக அதற்கே ஒரு மொபெட் தேவைப்படும் போலிருந்தது. முதல் ஊருக்குப் போனான். வண்டிச் சத்தம் கேட்டால் ஓடி வருகிற பெண்கள் நின்ற இடத்திலிருந்தே கையை ஆட்டினார்கள்.

"வேண்டாம் ஏவாரி. வச்சிருக்கிறதையே எங்க வைக்கன்னு தெரியல."

"குடம் வாங்கு, கொசுறா வாங்கிக்கோ."

"குடம் குடு. கொசுறு வேண்டாம்."

பதினாறு வருசத்தில் அந்த வார்த்தையை அவன் கேட்டதே இல்லை. குடு என்று ஒரு வாய் கேட்காமல் காந்தல் அவனைவிட்டுக் கழலாது. இரண்டாவது ஊரிலும் அதுதான், மூன்றாவதிலும் அதுதான். அப்போதுதான் வண்டியை நிறுத்திச் சுற்றிப் பார்த்தான். ஒருத்தரும் உட்காரவில்லை. டீக்கடையில் நின்றார்கள், கோயிலில் நின்றார்கள், கிழவர்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள், பூக்கட்டுகிறவள் நின்றபடி கட்டினாள், பெட்டிக்கடைக்காரன் கல்லாவுக்குப் பின்னால் நின்றான். பெஞ்சுகளில் கோழி அடைந்திருந்தது. எழுப்புவதற்கு உட்கார்ந்த ஆள் ஒருத்தர்கூடப் பதினெட்டு ஊரிலும் மிச்சமில்லாத இடத்தில், காந்தலை வாங்கி எவன் என்ன செய்வான்? தன் சரக்கு இவ்வளவு நல்ல சரக்காகப் போனதற்காகப் பெத்துராசு தன்னையே திட்டிக்கொண்டான்.

பொழுது சாய ஊசிமேட்டுப்பட்டிக்கு வந்தான். சோலையம்மா வாசலில் நின்றபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, ஒரு கொசுறு இருக்கு. உனக்குன்னு எடுத்து வச்சேன்."

அவள் அவன் நிற்கிற நிலையைப் பார்த்தாள். அவிழ்த்துப் பார்க்காமலே எடை தெரிந்தது. "பெருசா இருக்கும் போலயே" என்றாள். "நாளைக்கு உன் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்துன்னு கேள்விப்பட்டேன். உட்காரணும்ல."

"யார் சொன்னா?"

"நின்னுக்கிட்டே இருக்கிற ஊர்ல பேச்சு சீக்கிரமா நடந்து வந்துரும். சரி, எடுத்துக்கிறேன். அந்த ஏழு லிட்டர் குடத்தை மேல வச்சுட்டுப் போ."

பெத்துராசுக்கு ஒரு நிமிசம் விளங்கவில்லை. "என்னது? கொசுறுக்குக் கொசுறா?"

"இப்ப சரக்கு உன் காந்தல். குடம்தான் கொசுறு."

பெத்துராசு சோப்பு டப்பா என்றான். அவள் குடம் என்றாள். வடிகட்டியும் சேர்த்து என்றான். குடம் என்றாள். மூன்று லிட்டர் தூக்குச்சட்டி என்றான், அவள் வெங்காயத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. தொடை இடுக்கில் நெருப்பு ஏற ஏற, நாளைக்குச் சமுக்காளத்தில் பட்டுக்கரை வேட்டியோடு உட்காரப்போகிறவன் முகம் கண்ணில் நிற்க நிற்க, ஐந்து லிட்டர் பானை வரைக்கும் இறங்கி, கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு குடத்தை அவிழ்த்துத் தரையில் வைத்தான்.

"இந்தா. எடுத்துக்கோ."

சோலையம்மா குடத்தைத் திருப்பிப் பார்த்தாள். சுண்டிப் பார்த்தாள். "மூடி?"

"குடத்துக்கு ஏது மூடி?"

"மேல தொங்குதே, அந்தத் தட்டு மூடி. அது இல்லாம குடத்துல பல்லி விழும்."

"அது தனி."

"அப்ப காந்தலும் தனி. நீயே வச்சுக்கோ."

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகரத் தட்டு. அதைக் கழற்றிக் கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும், மறுநாள் அவன் பூ மாதிரி உட்கார்ந்திருப்பான். ஆனால் மூடியை ஓசியில் கொடுத்த ஏவாரி என்று நாளைக்கே பதினெட்டு ஊரும் பேசுமே. இன்றைக்கு மூடி கேட்டவள் நாளைக்கு மூடிக்கு ஒரு பிடி கேட்பாளே. பதினாறு வருசமாகப் பேரத்தில் ஒருத்தியிடமும் தோற்காதவன் ஒரு பல்லிக்காகத் தோற்பதா? அவனுக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. குடத்தைத் தூக்கிக் கட்டினான்.

"மூடி கிடையாது."

"போயிட்டு வா" என்றாள் சோலையம்மா, நின்றபடியே.

ஆவணி பதினாலு, காலை எட்டரை மணிக்கு, பதினெட்டு ஊருக்கும் வெளியே இருந்த குலதெய்வக் கோயில் வாசலில் சமுக்காளம் விரித்திருந்தது. சீர்த்தட்டு, தேங்காய், பழம், வீடியோக்காரர், சம்பந்தக்காரர்கள், எல்லாம் தயார். பெத்துராசு வந்த நடையைப் பார்த்ததும் தங்கப்பாண்டி பட்டுக்கரை வேட்டியின் நுனியைப் பிடித்தபடி எதிரே வந்தான். ஒரு ஓரமாக அழைத்துப் போனான்.

"அண்ணே, பதினெட்டு ஊர்க் கதையும் எனக்குத் தெரியும். அந்தக் காந்தலை எங்கிட்டக் குடுங்க. கார் டிக்கியில போட்டுக்கிறேன். ஒரு ஆபீஸ்ல எனக்கு ஒரு பத்திரம் முடங்கிக் கிடக்கு, அங்க ஒரு நாற்காலிக்கு வேணும்."

"சும்மாவா?"

"சும்மா எதுக்கு? நீங்க காந்தலைக் குடுங்க, மடியை நான் குடுக்கிறேன். உங்களுக்கும் நிம்மதி, பிள்ளைக்கும் காது குத்தினாப்பல ஆச்சு. சபையில நாஞ்சொல்லிக்கிறேன், அண்ணனுக்கு இடுப்புப் பிடிப்புன்னு."

நல்ல பேரம். யாராவது கூட்டி வைத்துப் பேசினால்கூட இதைவிட நல்ல விலை படியாது. தங்கப்பாண்டி எதிர்பேரத்துக்காகக் காத்திருந்தான். அதுக்கு மேல் என்ன தருவாய் என்று பெத்துராசு கேட்க வேண்டும், கேட்டால் இவன் இன்னும் ஒன்று சொல்லுவான், அப்படித்தான் உலகம். பெத்துராசு எதுவும் கேட்கவில்லை. சமுக்காளத்துக்குப் போனான், கிழக்கே பார்த்தான், உட்கார்ந்தான்.

உட்கார்ந்தபோது செவக்காட்டுப் பாலத்துப் பள்ளம் ஒன்று, கோடாங்கிக்குளம் வளைவில் பெயர்ந்த ஜல்லி ஒன்று, வேகத்தடை முப்பத்தொன்று, ஜீன்ஸ் தையல் ஒரு முழம், இரண்டு நாள் மழை, பதினாறு வருசத்து வெயில், எல்லாம் அவனுக்கு முன்னாடியே அங்கே உட்கார்ந்திருந்தன. அவற்றின்மேல் அவன் சம்மணம் போட்டான். அவன்மேல் கனிஷ்காவைத் தூக்கி வைத்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளை, பதினெட்டுக் கிலோ. ஒரு வயதில் உட்கார்ந்திருந்தால் எட்டோடு போயிருக்கும்.

"மாமா உட்கார்ந்துட்ட" என்றாள் கனிஷ்கா.

"பேசாம இரு தாயி. தலையை ஆட்டாத."

முடியிறக்குகிறவர் பொறுமைசாலி. ஒரு முடிகூடத் தப்பக் கூடாது என்று சுற்றிச் சுற்றி வந்தார். நடுவில் தண்ணீர் மாற்றினார், கத்தி மாற்றினார், கொழுந்தியாள் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பொன்ராஜிடம் விசாரித்தார். பிள்ளை நெளிந்தாள், ஒவ்வொரு நெளிவுக்கும் பெத்துராசின் உடம்பில் ஒரு ஊர் எரிந்தது. ஆசாரி வந்து உட்கார்ந்து, கம்பியைத் துடைத்து, பிள்ளை வாயில் சர்க்கரை போட்டு, இடது காதைப் பிடித்தார். கனிஷ்கா குதிகாலை மாமன் தொடையில் ஊன்றி, கோபுரத்துப் புறா எல்லாம் பறக்கிற மாதிரிக் கத்தினாள். வலது காதுக்கு, முதல் காதில் கற்றுக்கொண்டதையும் சேர்த்து ஊன்றினாள். பெத்துராசு அசையவில்லை. கண்ணிலிருந்து மட்டும் பொலபொலவென்று ஊற்றியது.

"மாமன் கண்ணைப் பாருங்க" என்றது கூட்டம். வீடியோக்காரர் கிட்டத்தில் வந்து எடுத்தார். "பிள்ளைக்கு வலிச்சா இவனுக்கு வலிக்குது பாரு" என்று பொன்ராஜின் அம்மா மூக்கைச் சிந்தினாள். பொன்ராஜ் தோளில் கைவைத்து, "மச்சான், நான் உங்களைத் தப்பா நினைச்சிட்டேன்" என்றான், கைவைத்ததோடு நிற்காமல் நல்லா ஒரு அழுத்தும் அழுத்தினான். தாய்மாமன் பாசம் என்றால் என்ன என்று வயதானவர்கள் இளசுகளுக்கு எடுத்துச் சொன்னார்கள். அவர்களில் ஒருத்தராவது, இவ்வளவு பாசம் இருக்கிறவன் ஏன் இப்படிப் பல்லைக் கடிக்கிறான் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சாப்பாட்டு மணம் வந்துவிட்டது.

பந்திக்குக் கூப்பிட்டார்கள். கூட்டம் மொத்தமும் எழுந்து போனது. அழுது களைத்த பிள்ளை, புதுத் தோட்டில் சந்தனம் காய்ந்திருக்க, மொட்டைத் தலையை மாமன் நெஞ்சில் சாய்த்து வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். தங்கப்பாண்டி கார்க் கதவுக்குப் பக்கத்தில் இன்னும் நின்றான். கூப்பிட்டால் இரண்டு எட்டில் வந்துவிடுவான். பெத்துராசு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மாரீஸ்வரி வந்தாள். "எந்திரிண்ணே. இலை போட்டாச்சு. பிள்ளையைக் குடு."

"இருக்கட்டும்."

"சடங்கு முடிஞ்சிருச்சுண்ணே. இனிமே எதுக்கு உட்கார்ந்திருக்க?"

அவள் அவன் நெற்றியில் வரிசையாக நின்ற வேர்வையைப் பார்த்தாள், சமுக்காளத்தை இறுகப் பிடித்திருந்த வலது கையைப் பார்த்தாள், பிள்ளையின் முதுகில் எடையே இல்லாமல் கிடந்த இடது கையைப் பார்த்தாள். பக்கத்தில் குத்தவைத்துக் காதோடு கேட்டாள்: "ரொம்பக் காந்துதாண்ணே?"

"மெதுவாப் பேசு" என்றான் பெத்துராசு. "முழிச்சிரப் போறா."